தேடினால் கிடைக்குமா திருவிழிச்சில்?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மாமல்லபுரக் கரையில் ஏறி இறங்கியது. அது போன பிறகு, புலிக்குகைக்குப் பக்கத்தில் உள்ள சாளுவன்குப்பத்தில், மணல் அரித்துப்போய் ஒரு பாறை வெளியே தெரிந்தது. பாறையில் எழுத்து இருந்தது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு அது. திருவிழிச்சில் என்னும் ஊரிலுள்ள சுப்பிரமணியர் கோயிலைப் பற்றிப் பேசியது. அங்கே கண்ணுக்குத் தெரிந்த கோயில் எதுவும் இல்லை; ஒரு மணல்மேடுதான் இருந்தது. தொல்லியல் துறையின் கல்வெட்டறிஞர் இராசவேலு அந்த மேட்டைச் சுட்டிக்காட்டினார். 2005-இல் தோண்டினார்கள். பல்லவர் காலத்துக் கட்டுமானம் வந்தது. அதற்கும் கீழே, அதைவிடப் பழைய செங்கல் கோயில் ஒன்று வடக்கு நோக்கி நின்றது.

திருவிழிச்சில் என்ற பெயர் இன்று வழக்கில் இல்லை. எழுதுகிறவர்களும் சிலர் திருவிழிச்சில் என்றும் சிலர் திருவிழ்ச்சில் என்றும் எழுதுகிறார்கள். சாளுவன்குப்பம் என்ற பெயரோ கல்வெட்டில் இல்லை. இரண்டும் ஒரே இடம் என்று ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகுதான் மண்வெட்டி இறங்கியது.

இந்தக் காரியத்துக்குத்தான் குறிச்சொல் என்று பெயர். ஓர் ஆவணம், ஒரு புகைப்படம், ஒரு கல்வெட்டுப் படி, ஒரு மீனவரின் பேச்சுப் பதிவு என எதுவானாலும் சரி, ‘இது இன்னதைப் பற்றியது’ என்று அதைப் படித்தவர் அதன் தலையில் எழுதிவைக்கும் இரண்டு மூன்று சொற்கள். நூலகத்தில் இதைப் பொருள் தலைப்பு என்பார்கள். இணையத்தில் எழுதுகிறவர்கள் குறிச்சொல் என்கிறார்கள்.

அது வீண் வேலை என்ற எண்ணம் இன்று ஏறக்குறைய எல்லோரிடமும் பரவிவிட்டது. பழைய இதழ்களையும் ஊர் ஆவணங்களையும் மின்வடிவமாக்கும் பேச்சு எங்கே நடந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: “முதலில் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். தலைப்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஆயுசு போதாது. தேடு பெட்டி இருக்கிறது, வேண்டியவர் தட்டி எடுத்துக்கொள்வார்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பணம் குறைவு, ஆள் குறைவு, காகிதம் பொடிந்துகொண்டிருக்கிறது. ஆனால் இந்த யோசனை ஒன்றை மறந்துவிடுகிறது. தேடுகிறவருக்குத் தெரிந்த சொல்லும் எழுதியவருக்குத் தெரிந்த சொல்லும் ஒன்றாக இருந்தால்தான் தேடு பெட்டி வேலை செய்யும். செங்கல்பட்டிலும் மாமல்லபுரக் கரையிலும் அந்த இரண்டும் ஒன்றாக இருந்த காலமே கிடையாது.

முதலில் மொழியைப் பார்க்கலாம். ‘மாமல்லபுரம்’ என்று தட்டினால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடு பெட்டி ‘மாமல்லபுரத்தில்’ என்பதைக் காட்டாது. வேற்றுமை உருபு வந்ததும் மகரம் போய் அத்துச் சாரியை வந்துவிடுகிறது. மதுராந்தகம் மதுராந்தகத்து ஆகிறது. திருக்கழுக்குன்றம் திருக்கழுக்குன்றத்துக்கு ஆகிறது. செங்கல்பட்டைச் சிலர் செங்கற்பட்டு என்று எழுதுகிறார்கள். பெயரின் மூலம் செங்கழுநீர்ப்பட்டு என்று சொல்லி அப்படியே எழுதுகிறவர்களும் உண்டு. ஏரி என்ற சிறு சொல்கூடப் பேரேரி என்று சேரும்போது உருமாறிவிடுகிறது. விவரமானவர் கடைசி எழுத்தை வெட்டிவிட்டுத் தேடுவார், உண்மைதான். ஆனால் 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகத்தில் ணை, லை, னை எல்லாம் துதிக்கை வளைந்த பழைய வடிவில் நிற்கின்றன. மங்கிய பழுப்புத் தாளில் அந்த வடிவத்தைக் கணினி வேறு எதுவாகவோ படித்துவைத்தால், அந்தப் பக்கம் எந்தத் தேடலிலும் அகப்படாது. ஏற்றியும் பயனில்லாமல், அலமாரி அடியில் கிடந்தது போலவே கிடக்கும்.

மொழியின் சிக்கலை நாளைக்கு ஒரு நல்ல மென்பொருள் தீர்த்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். பெயரின் சிக்கல் அப்படித் தீராது.

மாமல்லபுரம், மகாபலிபுரம், மாவலிவரம், மல்லை, கடல்மல்லை. வைணவர்களுக்கு அது தலசயனப் பெருமாள் கோயில் கொண்ட திருக்கடல்மல்லை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் நீர்ப்பெயற்று இதுதான் என்று கொள்ளும் அறிஞர்களும் இருக்கிறார்கள். ஐரோப்பிய மாலுமிகளுக்கு அது ‘செவன் பகோடாஸ்’, ஏழு கோயில்கள். 1869-இல் எம்.டபிள்யூ. கார் என்பவர் அந்த ஊரைப் பற்றிய பழைய கட்டுரைகளைத் திரட்டிச் சென்னையில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதன் தலைப்பில் இருப்பது ‘செவன் பகோடாஸ்’. இன்று பள்ளியில் மாமல்லபுரம் என்று படித்த ஒரு மாணவி எத்தனை முறை அந்தச் சொல்லைத் தட்டினாலும், இதையும் அதையும் யாராவது ஒருவர் முடிச்சுப் போட்டு வைத்திருந்தால் ஒழிய கார் தொகுத்த புத்தகம் அவர் முன்னே வராது.

மாவட்டத்தின் கதை இதைவிடச் சிக்கல். சி.எஸ். குரோல் 1879-இல் எழுதிய மாவட்டக் கையேட்டின் தலைப்பே ‘சிங்கிள்புட், முன்னாள் மெட்ராஸ், மாவட்டம்’ என்று தடுமாறுகிறது. அப்போதே பெயர் மாறியிருந்தது. பிறகு அது செங்கல்பட்டு மாவட்டம், தலைநகர் காஞ்சிபுரம். பிறகு செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997-இல் அதைக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரித்தார்கள். 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டம் ஆனது. திருக்கழுக்குன்றம் இருந்த இடத்தைவிட்டு ஒரு அடி நகரவில்லை. ஆனால் அந்த ஊரைப் பற்றிய காகிதங்கள் நான்கு மாவட்டப் பெயர்களின் கீழே சிதறிக் கிடக்கின்றன. குடவோலைக் கல்வெட்டுக்குப் பேர்போன உத்திரமேரூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. பழைய கல்வெட்டு அறிக்கைகளில் அது சிங்கிள்புட் மாவட்டத்து ஊர். ‘செங்கல்பட்டு மாவட்டக் கல்வெட்டுகள்’ என்று தேடுகிறவருக்கு அது வர வேண்டுமா, கூடாதா? இதற்கு இயந்திரம் பதில் சொல்லாது. உட்கார்ந்து யோசித்து யாராவது முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவை எழுதியும் வைக்க வேண்டும்.

கரைக்குப் போனாலும் இதே கதைதான். சென்னையிலிருந்து கோவளம், மாமல்லபுரம் வரை வஞ்சிரம் என்று விற்கும் மீன் தெற்கே ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் சீலா. கன்னியாகுமரியில் நெய்மீன். இங்கே கானாங்கெளுத்தி, அங்கே அயிலை. கரையில் நின்று பத்து முப்பது பேர் இழுக்கும் வலை இங்கே பெரிய வலை, குமரியில் கரமடி, இலங்கையில் கரைவலை. தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ ஒரு பெரியவர் வலை இழுத்த காலத்தைப் பற்றிப் பேசி யாராவது பதிவு செய்தால், அவர் பெரிய வலை என்றுதான் சொல்வார். யாழ்ப்பாணத்து ஆய்வாளர் கரைவலை என்றுதான் தேடுவார். இருவரும் தமிழர். இருவரும் பேசுவது ஒரே தொழிலை. நடுவில் ஒரு குறிச்சொல் இல்லையென்றால் அந்தப் பெரியவரின் குரல் இந்த ஆய்வாளரின் காதுக்கு எட்டாது.

தலைப்பிட்டு எழுதிவைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் செங்கல்பட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராக வந்த இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்காகத் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரே வரிசையில் கேள்வி: மொத்த நிலம் எவ்வளவு, ஏரி எவ்வளவு, புறம்போக்கு எவ்வளவு, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, வீடுகள் எத்தனை, யார் யார் என்னென்ன தொழில் செய்கிறார்கள், எந்தக் கோயிலுக்கு எவ்வளவு மானியம், விளைச்சலில் கணக்கனுக்கு, வெட்டியானுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, ஏரிக்கு என்று எவ்வளவு சுதந்திரம், அதாவது உரிமைப் பங்கு. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள். கும்பினி ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிக்கொண்டது.

கும்பினி இதைச் செய்தது வரிக்காக. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் தலைப்புகளைக் கவனிக்க வேண்டும். மானியம், சுதந்திரம், புறம்போக்கு எல்லாமே ஊர் வழக்கிலிருந்த சொற்கள். எல்லா ஊருக்கும் ஒரே தலைப்புகள் என்பதால்தான் இருநூறு ஆண்டுகள் கழித்து வரலாற்றாய்வாளர் தரம்பால் அந்தப் பதிவேடுகளைத் திறந்தபோது அவை பேசின. எம்.டி. சீனிவாசும் மற்றவர்களும் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் கணக்குகளைத் தனிப் புத்தகமாகவே கொண்டுவர முடிந்தது. அந்தக் காலத்து ஊர், அறுவடையில் ஏரி மராமத்துக்கென்று ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைத்தது என்ற செய்தி அதிலிருந்து தெரிகிறது. ஒரு கணக்குப்பிள்ளை ‘ஏரிக்கு’ என்று தனியாக ஒரு வரி எழுதாமல் எல்லாவற்றையும் ‘செலவு’ என்று ஒரே வரியில் போட்டு முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓலை பிழைத்திருக்கும். செய்தி செத்திருக்கும்.

வகைப்படுத்துவது மேல்நாட்டு நூலகர்களின் பழக்கம், நமக்கு எதற்கு என்று ஒரு குரலும் கேட்கிறது. தமிழைப் படித்தவர்கள் இதைச் சொல்லக் கூடாது. அகநானூற்றைத் தொகுத்தவர் செய்ததைப் பாருங்கள். ஒற்றைப்படை எண் கொண்ட பாட்டெல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவது குறிஞ்சி. நான்கில் முடிவது முல்லை. ஆறில் முடிவது மருதம். பத்து, இருபது, முப்பது என்று வருவது நெய்தல். பாட்டின் எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். நானூறு பாட்டில் நெய்தல் மட்டும் வேண்டும் என்பவர் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டு போனால் போதும். புறநானூற்றில் பாட்டின் அடியில் திணையும் துறையும் பாடியவரும் பாடப்பட்டவரும் குறித்திருக்கிறது. அந்தக் குறிப்பு சிதைந்துபோன பாட்டுகளின் முன்னே ஆய்வாளர்கள் இன்றும் திகைத்து நிற்கிறார்கள். திவாகரத்திலும் சூடாமணி நிகண்டிலும் பன்னிரண்டு தொகுதிகள்: தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், இடப்பெயர் என்று. உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல்களின் பின்னால் அரும்பத அகராதியை வைத்தார். அச்சுக்கூலிக்கே திண்டாடிய காலத்தில், அந்தப் பக்கங்கள் வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை.

நூலக உலகில் இந்தச் சிந்தனையைத் தலைகீழாகப் புரட்டியவரும் தமிழ்நாட்டுக்காரர்தான். சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சீ.இரா. அரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மைப் பெட்டியைப் பார்த்தார். சில பட்டைகள், சில திருகாணிகள்; அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டினால் எந்தப் பொம்மையும் ஆகும். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933-இல் கோலன் பகுப்பு முறை வெளிவந்தது.

அதுவரை இருந்த முறையில் ஒரு புத்தகத்துக்கு ஒரே ஓர் இடம்தான். ‘பதினெட்டாம் நூற்றாண்டில் செங்கல்பட்டு ஏரிகளின் மராமத்து’ என்று ஒரு நூல் வந்தால் அதை வரலாற்றில் வைப்பதா, பாசனத்தில் வைப்பதா, வருவாய்த் துறையில் வைப்பதா? அரங்கநாதன் அந்தக் கேள்வியையே மாற்றினார். ஏரி ஒரு முகம், மராமத்து ஒரு முகம், செங்கல்பட்டு ஒரு முகம், பதினெட்டாம் நூற்றாண்டு ஒரு முகம். எல்லா முகத்தையும் குறி, எந்த வாசலில் வருகிறவரும் உள்ளே வரட்டும் என்றார். 1931-இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது. இன்று குறிச்சொல் வேண்டாம் என்கிறவர்கள் மிச்சப்படுத்துவது நிர்வாகத்தின் நேரத்தை. ஒருவர் ஒருமுறை செய்ய வேண்டிய வேலையை ஆயிரம் வாசகர்கள் ஆயிரம் முறை செய்யட்டும் என்று தள்ளிவிடுகிறார்கள்.

மாமல்லபுரத்துப் பெரும் புடைப்புச் சிற்பத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றால் இது கண்ணுக்கே புரியும். இரண்டு பாறைகள், நடுவில் ஒரு பிளவு. பிளவில் நாகர்கள் நீந்தி ஏறுகிறார்கள். இடப்பக்கம் ஒற்றைக் காலில் கை உயர்த்தி எலும்பும் தோலுமாக ஒருவர் தவம் செய்கிறார். பக்கத்தில் சிவன் வரம் கொடுக்கிறார். ஊர்க்காரர்களுக்கு அது அர்ச்சுனன் தபசு. 1914-இல் விக்டர் கோலுபியு என்ற அறிஞர் அது பகீரதன் தவம், கங்கை இறங்கும் காட்சி என்று எழுதினார். சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்றுதான் சிற்பிகள் அப்படிச் செதுக்கினார்கள் என்று 1994-இல் பத்மா கைமல் வாதிட்டார். 1984-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த ஊரைச் சேர்த்த யுனெஸ்கோ, தன் விவரிப்பில் ‘கங்கையின் இறக்கம்’ என்றே அதைச் சொல்கிறது. அர்ச்சுனனைத் தேடிப் போகிறவருக்கு அந்தப் பெயரில் அர்ச்சுனன் இல்லை.

ஒரே தலைப்புதான் என்றால் இங்கே யாராவது ஒருவர் தோற்க வேண்டும். குறிச்சொல்லில் தோல்வி கிடையாது. அர்ச்சுனன் தபசு, பகீரதன் தவம், கங்கை, நாகர், பல்லவர் சிற்பம், எல்லாம் ஒரே புகைப்படத்தின் அடியில் சண்டையில்லாமல் இருக்கலாம். கீழே வலப்பக்கம், பெரிய யானையின் காலடிக்குப் பக்கத்தில், ஒரு பூனை பின்னங்காலில் நின்று முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். சிற்பத்தில் விலங்குகளை ஆராய்கிறவருக்கு அந்தப் பூனைதான் வேண்டும். படத்தின் தலைப்பில் யாரும் பூனை என்று எழுத மாட்டார்கள். படத்துக்குள்ளே தேடுவதற்கு எழுத்தும் இல்லை. ‘பூனை’ என்று யாரோ ஒருவர் ஒரு சொல் எழுதி வைத்தால்தான் உண்டு.

ஐந்து ரதங்களுக்கும் இது பொருந்தும். அவை ரதமும் இல்லை, பாண்டவருக்கும் அவற்றுக்கும் தொடர்பும் இல்லை என்று விவரம் தெரிந்தவர்கள் எப்போதும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். தர்மராஜ ரதத்திலேயே அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம் என்று பொறித்திருக்கிறது. சரியான பெயர் அதுதான் என்பதற்காகத் தர்மராஜ ரதம் என்ற பெயரை அடித்துவிட்டால் எத்தனை பேருக்கு அது கிடைக்கும்? கல்லில் இருக்கும் பெயரும் வேண்டும், ஊர் வாயில் இருக்கும் பெயரும் வேண்டும்.

மறுபக்கத்தில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துப் போக முடியாது. பெயர் சூட்டுவது அதிகாரம். தவறான பெயர் அழித்துவிடும் என்பது அந்த வாதம். பள்ளிக்கரணை கண்ணெதிரே இருக்கிறது. மழைநீர் தேங்கி, வடிந்து, மெல்லக் கடலுக்குப் போகும் கழுவெளியைப் பயனற்ற தரிசு என்று அதிகாரிகள் ஒதுக்கினார்கள். தரிசு என்றதும் குப்பை கொட்ட வழி பிறந்தது, கட்டடம் கட்ட வழி பிறந்தது. ஈரநிலம் என்று ஊர் உணர்ந்து போராடி, 2022-இல் அது ராம்சர் பட்டியலில் ஏறுவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. இதைவிடக் கொடியது குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வடக்கே வந்து, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் பரவி, 1947-இல் இங்கே நீங்கும்வரை, பிறந்த குழந்தையின் நெற்றியிலும் ‘குற்றவாளி’ என்ற முத்திரையைக் குத்தியது.

இந்த வாதத்தை வைக்கிறவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அவர்கள் குற்றவாளியை மாற்றிப் பிடிக்கிறார்கள். ‘தரிசு’ என்று எழுதியது குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், அதன் பக்கத்தில் ‘கழுவெளி’ என்று எழுத இடம் கொடுக்காதது. அந்த நிலத்தில் மீன் பிடித்தவர், மாடு மேய்த்தவர், கோரை அறுத்தவர் யாருடைய சொல்லும் அந்தப் பதிவேட்டில் ஏறவில்லை. வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளலாம். வனத்துறைக்கு அது சரணாலயம். பொதுப்பணித் துறைக்கு அது ஏரி. ஊராருக்கு அது, பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்து வயலுக்கு உரமாகும் இடம்; அதனால்தான் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கலெக்டர் பிளேஸ் காலத்தில் பறவைகளுக்குக் காவல் கேட்டு வாங்கினார்கள். இந்த மூன்றில் எதை விட்டாலும் வேடந்தாங்கல் புரியாது.

கடற்கரை மணலும் அப்படித்தான். பட்டிபுலத்திலோ நெம்மேலியிலோ ஒரே மணல்திட்டில் படகு ஏறுகிறது, வலை காய்கிறது, மீன் ஏலம் போகிறது, தை மாசி இரவுகளில் பங்குனி ஆமை வந்து முட்டையிடுகிறது. வருவாய்க் கணக்கில் அது புறம்போக்கு, அவ்வளவுதான். ஒற்றைச் சொல்லால் வந்த கேட்டுக்கு மருந்து, சொல்லே இல்லாமல் விடுவதில்லை. விட்டால், சர்க்கார் எழுதிய அந்த ஒற்றைச் சொல் மட்டும் தேடலில் நிலைத்து நிற்கும். குற்றப் பரம்பரைக் கோப்புகளும் அதே கதிதான். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித் தேடும்போது அந்தக் கோப்பு வர வேண்டாமா? சர்க்கார் வைத்த பெயரைச் சொன்னால்தான் கதவு திறக்கும் என்று அவர்களை அவமானப்படுத்தலாமா?

இப்போது புதிதாக இன்னொரு பேச்சு வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு பொருளைப் புரிந்துகொண்டு தேடும், வஞ்சிரத்தையும் சீலாவையும் அதுவே சேர்த்துவிடும் என்கிறார்கள். வஞ்சிரத்தைச் சேர்த்துவிடும், ஏற்கெனவே பலர் அதை எழுதியிருக்கிறார்கள். ஒருவரும் எழுதாததை அது எங்கிருந்து சேர்க்கும்? சாளுவன்குப்பத்து மணல்மேடும் திருவிழிச்சிலும் ஒன்று என்று ஒரு மனிதர் சொல்லும் முன்பு எந்தப் புத்தகத்திலும் அந்த இணைப்பு இல்லை. இன்று இயந்திரத்துக்கு அது தெரிகிறது என்றால், மனிதர் சொன்னதால் தெரிகிறது. இன்னொன்றும் உண்டு. மனிதர் இட்ட குறிச்சொல் கண்ணுக்குத் தெரியும். தவறு என்றால் சண்டை போடலாம், திருத்தலாம், யார் எப்போது இட்டார் என்று கேட்கலாம். இயந்திரம் எதைக் காட்டாமல் விட்டது என்பது யாருக்கும் தெரியாது. மதுராந்தகம் ஏரியைப் பற்றி இந்தச் சேகரத்தில் இருப்பவை இவ்வளவுதான், வேறு இல்லை என்று துணிந்து சொல்லத் தலைப்பிட்ட பட்டியலால்தான் முடியும். நிலத் தகராறில் ஆவணம் தேடுகிறவருக்கு அந்த ‘வேறு இல்லை’ எவ்வளவு முக்கியம் என்பது வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் காத்திருந்தவருக்குத் தெரியும்.

குறிச்சொல் கெட்டுப்போகும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ‘பொது’, ‘இதர’, ‘பல்சுவை’ என்று எழுதுவதைவிட எழுதாமல் இருக்கலாம். ஒரே படத்துக்கு நாற்பது சொல் அடுக்கினால் எந்தச் சொல்லுக்கும் மதிப்பில்லை. ஒருவர் ஏரி என்றும் ஒருவர் நீர்நிலை என்றும் ஒருவர் தாங்கல் என்றும் தன் இஷ்டத்துக்கு எழுதினால், திருவிழிச்சில் சிக்கல் திரும்ப வந்துவிடும். அதற்குப் பழைய நூலகர்கள் கண்ட வழி எளியது: ஒரு பட்டியல் வைத்துக்கொள்வார்கள், ‘தாங்கல், காண்க: ஏரி’ என்று ஒரு வரி போடுவார்கள். நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் 1978-இல் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு மூன்று தொகுதிகளில் அடைவு வெளியிட்டார்கள். ஒவ்வொரு பெயரும் எந்த ஊரில், எந்த மன்னன் காலத்தில் வருகிறது என்று பிரித்துக் குறித்த வேலை அது. அன்றைய கணினியை வைத்துக்கொண்டு, மனிதக் கண்ணால் படித்து, மனிதக் கையால் குறித்தார்கள். சோழர் காலச் சமூகத்தைப் பற்றி இன்று எழுதுகிற யாரும் அந்த வேலையின் தோளில் ஏறி நின்றுதான் எழுதுகிறார்கள்.

ஆகவே மின்வடிவமாக்கும் திட்டம் போடுகிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஸ்கேன் இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே, படித்துக் குறிச்சொல் எழுதுகிறவரின் சம்பளத்துக்கும் ஒதுக்குங்கள். அவர் அந்த வட்டாரத்துக்காரராக இருக்கட்டும். சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்கு மேய்க்கால் என்றால் என்ன, பாடு என்றால் என்ன என்று தெரியாமல் போகலாம். வேகம் குறையும், குறையட்டும். பத்தாயிரம் பக்கம் ஏற்றி ஒன்றும் கிடைக்காமல் இருப்பதைவிட, ஆயிரம் பக்கம் ஏற்றி ஆயிரமும் கிடைப்பது நல்லது.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள ஏதாவது குப்பத்தில் இருந்தால், வீட்டில் 2004 சுனாமியின்போது எடுத்த படங்கள் இருக்கும். பிரிண்ட் போட்ட படமானால் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதுங்கள். போனில் கிடக்கும் படமானால் கோப்பின் பெயரை மாற்றுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, படத்தில் தெரிவது எந்தக் கோயில், எந்தப் படகு, தண்ணீர் எதுவரை வந்தது என்று நாலு சொல். தெரியவில்லை என்றால் வீட்டுப் பெரியவரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அலை வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சொல்லத் தெரிந்தவர்கள் வயதானவர்கள்.